மூட்டு மாமா

அபார்ட்மென்ட் வாசலில் எந்த நாய் வந்தாலும் மாமாவின் கண் அதன் முகத்துக்குப் போகாது; நேரே பின்னங்காலுக்குத்தான் போகும். “இடது இடுப்பு வாங்குது, பாருங்க” என்பார். அது லாம்ப் போஸ்ட்டைப் பார்த்ததும் காலைத் தூக்கியிருக்கும், அவ்வளவுதான்.

மாமா சுத்த சைவம். ஆனால் தன் லாப்ரடார் ப்ரௌனியின் மூட்டுக்காக அவர் ஃப்ரிட்ஜில் மீன் எண்ணெயும் நியூசிலாந்துச் சிப்பித் தூளும் குடியிருக்கின்றன. குளுக்கோசமைன் மாத்திரையை மட்டும் மூலிகை என்றே நம்புகிறார். டப்பாவில் பச்சை இலை போட்டிருக்கிறதே! இறால், நண்டு ஓட்டிலிருந்து அதை எடுக்கிறார்கள் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. மஞ்சளோடு மிளகு சேர்த்தால் மஞ்சளிலுள்ள குர்குமின் உடம்பில் சேர்வது 2000 சதவீதம் கூடுகிறது என்ற 1998 பெங்களூரு ஆய்வு அவருக்கு மனப்பாடம். அதில் கலந்துகொண்டவை எலிகளும் மனிதர்களும்தான், நாய் ஒன்றுகூட இல்லை என்பதைச் சௌகரியமாக விட்டுவிடுவார்.

சிக்கல் மருந்தில் இல்லை, அதை ஊட்டுவதில்தான். மஞ்சள் விழுது கசக்கும், ஆகவே நெய்ச்சோறு. மாத்திரை நாறும், ஆகவே சீஸ் துண்டு. ப்ரௌனி சீஸைத் தின்றுவிட்டு, மாத்திரையை மட்டும் அலம்பி வைத்ததுபோல் தரையில் வைக்கும். அடுத்து பன் பட்டர் ஜாம். அதுவும் தோற்றால் கேசரி. மாத்திரை உள்ளே போனால் பாராட்டுக்கு ஒரு பிஸ்கட். போகாவிட்டால் ஆறுதலுக்கு இரண்டு. மாத்திரை டப்பா குலுங்கும் சத்தம் கேட்டாலே ப்ரௌனி வாலாட்டும். அதற்குத் தெரியும், பின்னாலேயே கேசரி வருகிறதென்று.

முப்பத்தைந்து கிலோவைத் தாண்டக் கூடாத ப்ரௌனி இப்போது நாற்பத்தாறு.

டாக்டர் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பாடு போட்டு ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். 2002-ல் முடிவு வெளியானது: குறைவாகச் சாப்பிட்டவை சராசரியாக ஏறக்குறைய இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் தாமதமாகவே வந்தது. மாமா கண் கலங்கிவிட்டார். “பாவம், பட்டினி போட்டிருக்காங்க டாக்டர்!”

இருக்கிற டப்பாக்களில் ஓரளவு ஆதாரம் உள்ளது மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா-3க்குத்தான்; குளுக்கோசமைன் நாய்க்குப் பலன் தரவில்லை என்றே 2022-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். இதையும் டாக்டர் சொன்னார். மாமா தலையாட்டிவிட்டு, வீடு திரும்பும் வழியில் மூட்டுக்கு நல்லதென்று கொல்லிமலை முடவாட்டுக்கால் கிழங்கு வாங்கினார்.

அவர் பாசத்தில் பொய்யில்லை. ப்ரௌனியால் கட்டிலில் ஏற முடியாமல் போனதிலிருந்து மாமாவும் தரையில்தான் படுக்கிறார். காலையில் அவரை எழுப்பி நிறுத்த இரண்டு பேர் வேண்டும்.

தன் நாயோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை. மூன்றாம் மாடி பொமரேனியன் நொண்டியபோது, “எக்ஸ்ரே எல்லாம் எதுக்கு? நேச்சுரலா போலாம்” என்று ஆட்டுக்கால் சூப் எழுதிக்கொடுத்தார், சின்ன வெங்காயமும் பூண்டும் தட்டிப்போட்டு. இரண்டுமே நாயின் ரத்தச் சிவப்பணுவைச் சிதைப்பவை. நாய் நொண்டுகிறது என்றால் அதற்கு வலிக்கிறது என்று அர்த்தம். ‘நேச்சுரலாக’ப் போன அந்த மூன்று வாரமும் அந்த ஜீவன் வலியோடுதான் கிடந்தது. கடைசியில் டாக்டர் தொட்டுப் பார்த்தே சொல்லிவிட்டார்: முட்டிச்சில்லு விலகியிருக்கிறது. சின்ன ஜாதி நாய்களுக்குச் சகஜமாக வருவது. எந்த சூப்பும் அதை இடத்தில் உட்கார வைக்காது.

விஷயம் கேள்விப்பட்ட மாமா மூன்றாம் மாடிக்கே ஏறிப் போய்ப் பெருமையாகச் சொன்னார்: “நான்தான் அப்பவே சொன்னேனே, மூட்டுன்னு!”