ஐந்து சென்டிமீட்டர் கவலை

நெய்வேலி நகரியத்தில் மீன் வளர்ப்பவர்கள் இரண்டு வகை. கப்பி, மோலி, தங்கமீன் என்று கடைத்தெருவில் கிடைத்ததை வாங்கிவந்து, பிள்ளைகளுக்கு அலுத்ததும் மீனை யாருக்காவது தள்ளிவிட்டுத் தொட்டியில் வெங்காயம் கொட்டி வைப்பவர்கள் முதல் வகை. அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, நல்ல மனிதர்கள். இரண்டாம் வகையில் வட்டத்துக்கு ஒருவர் தேறினால் அதிகம். அவர்தான் குள்ளச் சிக்லிட்காரர். நாற்பதைத் தாண்டிய வயது, அனல்மின் நிலையத்திலோ சுரங்கத்திலோ பராமரிப்புப் பிரிவில் வேலை, சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் டி.டி.எஸ். மீட்டர். ஹாலில் டி.வி. இருக்கவேண்டிய இடத்தில் தொட்டி இருக்கும். தண்ணீர் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருக்கும். அடியில் மக்கிய இலை, ஒரு வேர்க்கட்டை, கவிழ்த்த கொட்டாங்கச்சி. மீன் மட்டும் கண்ணில் படாது. “என்ன சார், தண்ணி மாத்தலையா?” என்பார் வந்தவர். “இன்னைக்குக் காலையிலதான் மாத்தினேன்” என்பார் இவர், புண்பட்ட குரலில். “மீன் எங்க சார்?” “இருக்கு. ஒளிஞ்சிருக்கு.” இவரை ஊரார் மீன்பிரியர் என்கிறார்கள். அது தப்புக் கணக்கு என்பது என் கட்சி. மீனை நேசிப்பவருக்கு மீன் கண்ணில் பட வேண்டும். இவருக்கு வேண்டியது கவலை. தொட்டி அதைப் போட்டுவைக்கும் இடம்.

சான்றை மீனிடமிருந்தே எடுக்கலாம். குள்ளச் சிக்லிட் என்ற பெயருக்குள் பல மீன்கள் அடங்கும்: மேற்கு ஆப்பிரிக்காவின் கிரிபென்சிஸ், ஒரினோகோ ஆற்றுப் படுகையின் ராமிரெசி, தென் அமெரிக்கக் காட்டு நீர்நிலைகளின் அபிஸ்டோகிராமா. கடைசியாகச் சொன்ன பேரினத்தில் மட்டும் அறிவியலார் பெயர் சூட்டிய இனங்கள் 90-க்கு மேல். ஆண் எட்டு சென்டிமீட்டரைத் தாண்டுவது அபூர்வம். பெண் ஐந்தோடு நின்றுவிடும். இவற்றில் பல, காட்டு இலை ஊறிக் கறுத்த, உப்புச்சத்தே இல்லாத ஓடைகளில் வாழ்பவை. ரியோ நீக்ரோ போன்ற ஆறுகளில் பி.ஹெச். நான்கு, ஐந்து என்று இறங்கிக் கிடக்கும். நம் ஊர் போர்வெல் தண்ணீரில் அந்த மீன் முட்டையிட்டாலும் பொரிக்காது. இப்போது நம்மவர் இவற்றுக்குக் கொடுக்கும் மரியாதை வரிசையைப் பாருங்கள். கிரிபென்சிஸ் எந்தத் தண்ணீரையும் அனுசரித்துப் போகும், கேட்காமலே முட்டையிடும், குஞ்சுகளைக் கூட்டமாக அழைத்துக்கொண்டு தொட்டியைச் சுற்றும். பார்க்கவும் லட்சணம். “அதை யார் வேணும்னாலும் வளர்க்கலாம் சார்” என்று ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடுவார். ராமிரெசி வாங்கிய மாதமே செத்துப்போகக் கூடியது, அதனால் ஒரு படி மேலே. காட்டில் பிடித்து வந்த அபிஸ்டோகிராமாவுக்கு உச்சி இடம். இது அழகின் வரிசையில்லை, சிரமத்தின் வரிசை.

இரண்டாவது சான்று, அவர் தேடும் விதம். சென்னை கொளத்தூர் வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர்போனது. தெருத்தெருவாக மீன் கடை. அங்கே இவருக்கு வேண்டியது இருக்காது. இருந்தால் அது வேண்டாததாகிவிடும், ஏனென்றால் கிடைத்துவிட்டதே! ஆகவே யாரோ ஒருவர் எங்கிருந்தோ தருவித்ததாகச் செய்தி வர வேண்டும். போன்பே போக வேண்டும். ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பை தெர்மாகோல் பெட்டியில் ஏறி, கிளாம்பாக்கத்தில் ராத்திரி பஸ் பிடித்து, விடியலில் ஆர்ச் கேட்டில் இறங்க வேண்டும். அதற்காக முதல் ஷிஃப்டை ஒருவரிடம் மாற்றிக்கொண்டு இவர் நாலரைக்கே நின்றுகொண்டிருப்பார். சோடி என்று பணம் கொடுத்தது பெரும்பாலும் இரண்டு ஆணாக வந்து சேரும். விற்றவர் மேல் பழி போட முடியாது: பெரிய ஆணுக்கு அடங்கிய சின்ன ஆண்கள் பெண்ணின் நிறத்தையே காட்டிக்கொண்டு திரியும் வழக்கம் அபிஸ்டோகிராமாவில் உண்டு. பெயரிலும் அவர் சிரமத்தை விடமாட்டார். 1865-66-இல் பிரேசிலுக்குப் பயணம் போய் அமேசான் மீன்களைச் சேகரித்த லூயி அகாசிஸின் பெயரால் அகாசிசி என்று ஒரு மீன் உண்டு. அகாசிசி என்று மட்டும் சொன்னால் அவருக்குப் போதாது, எந்தக் கிளையாற்று அகாசிசி என்று கேட்பார். இரண்டு ஆற்று மீனைக் கலப்பது அவர் அகராதியில் மகாபாவம். இன்னும் பெயர் வைக்கப்படாத இனங்களுக்கு ஜெர்மன் மீன்காரர்கள் ‘ஏ’ போட்டு எண் கொடுத்திருக்கிறார்கள். வட்டத்துக்கே எண்தான் பெயர் என்ற ஊரில் குடியிருப்பவருக்கு அதில் ஓர் இயல்பான சுகம். இத்தனைக்கும் பிறகு ஒருநாள் அந்த மீன் முட்டையிட்டு, பொரித்து, அறுபது குஞ்சு நீந்தத் தொடங்கும். அன்றோடு அவர் காதல் முடிந்தது. “உங்களுக்கு வேணுமா சார், சும்மாவே தரேன்” என்று தெருவில் போகிறவரை நிறுத்துவார். ராத்திரி அடுத்த இனத்தைத் தேட உட்காருவார். நேசிப்பவர் செய்யும் காரியமா இது?

நெய்வேலி ஏன் இந்த வகையை உண்டாக்குகிறது என்பதற்கு வருவோம். 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாகி, 1957-இல் நேரு சுரங்கத்தைத் தொடங்கி வைத்து, அதன் பிறகு வரைபடம் போட்டுக் கட்டிய ஊர் இது. குவார்ட்டர்ஸ், குழாய்த் தண்ணீர், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அகலத் தெரு, நிழல் மரம் எல்லாம் நிறுவனம் தந்தது. 2012 வாக்கில் தமிழ்நாடே மின்வெட்டில் புழுங்கியபோது, மற்ற ஊர் மீன்காரர்கள் ஏர் பம்ப் நின்றுபோகுமே என்று பயந்து தொட்டியை விற்றார்கள். மின்சாரம் பிறக்கும் ஊர்க்காரருக்கு அந்தப் பயம் குறைவு. தண்ணி லாரி, வீட்டுக்காரர், அடைத்த சாக்கடை என்று வேறு ஊரில் ஒரு குடும்பத் தலைவனுக்கு இயற்கையாகவே வாய்க்கும் கவலைகள் இங்கே நேரத்துக்குக் கிடைப்பதில்லை. அதற்கு மேல் அவர் செய்யும் வேலை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்த அழுத்தத்தைக் குறைக்க இரவு பகலாகத் தண்ணீர் இறைத்தால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கும், நின்றால் ஏரி. பம்ப் நிற்கக் கூடாது என்ற ஒரே சிந்தனையில் எட்டு மணி நேரம் இருந்த மனிதரை வீட்டுக்கு அனுப்பிச் சாய்வு நாற்காலியில் உட்காரச் சொன்னால் எப்படி? ஒரு பம்பை வாங்கி மாட்டிக்கொள்கிறார். பக்கத்தில் லாக் புக். வெப்பம், பி.ஹெச்., டி.டி.எஸ்., தீனி, கையெழுத்து. அவர் நைட் ஷிஃப்ட் போனால் வீட்டம்மா கையெழுத்துப் போட வேண்டும். அந்த அம்மாள் ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்து உறைந்த ரத்தப்புழுவைப் பார்த்தவர், அதற்கு மேலும் பொறுத்துக்கொண்டவர். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

இந்தக் கவலைக்கு வெயில் செய்யும் உதவி கொஞ்சமல்ல. 1996-இல் யூவே ரோமர், பைசென்ஹெர்ஸ் என்ற இரு ஜெர்மன் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இது: அபிஸ்டோகிராமாவில் குஞ்சு ஆணாவதும் பெண்ணாவதும் தொடக்க வாரங்களின் நீர்வெப்பத்தைப் பெரிதும் பொறுத்தது, வெப்பம் ஏறினால் ஆண் பெருகும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தொட்டுப் பார்க்கும் நெய்வேலியில் இதன் பொருள் என்ன? ஐம்பது மாப்பிள்ளை, பெண் வீட்டார் யாருமில்லை. ஆகவே தொட்டிக்கு மேல் ஒரு மின்விசிறி, பிறகு இரண்டு, கடைசியில் படுக்கையறை ஏ.சி. ஹாலுக்கு இடம் மாறும். அப்படிப் பாடுபட்டுக் கிடைத்த பெண் மீன் கொட்டாங்கச்சிக்குள் முட்டையிட்டதும் மஞ்சள் பூசி நிற்கும்; தன்னைப்போல் ஒன்றரை மடங்கு ஆணைத் தொட்டி மூலைக்குத் துரத்தும். சிறிய தொட்டியானால் ஆண் பிழைப்பதே சந்தேகம். அந்தச் சமயம் நம்மவர் நாற்காலியை ஓசைப்படாமல் நகர்த்துவதையும், பிரஷர் குக்கர் விசிலுக்குத் தடை விதிப்பதையும் பார்த்தால் பிரசவ அறை வாசல் நினைவுக்கு வராமல் போகாது.

என் கட்சிக்கு ஆகப் பலமான சான்று அவர் காலடியிலேயே கிடக்கிறது. கறுப்பு நீர் உண்டாக்க ஐரோப்பியர் பீட் எனப்படும் சதுப்பு நில மக்கலைப் பயன்படுத்துவார்கள். அந்த மக்கல் மண்ணுக்கடியில் யுகக்கணக்கில் அமுங்கினால் ஆவதுதான் பழுப்பு நிலக்கரி. தண்ணீருக்குப் பழுப்பேற்றும் ஹ்யூமிக் அமிலம் அதிலும் உண்டு. அதன் மேல் வீடு கட்டிக் குடியிருப்பவர், வெளிநாட்டிலிருந்து வந்த ‘கறுப்பு நீர்ச் சாறு’ பாட்டிலைச் சொட்டுக் கணக்கில் ஊற்றுகிறார். கந்தகமும் கலந்த நிலக்கரியைத் தொட்டியில் போடாதது புத்திசாலித்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாட்டு வாதுமை இலைக்கு என்ன சமாதானம்? உலகெங்கும் குள்ளச் சிக்லிட்காரர்கள் தவம் கிடக்கும் இலை அது. நம் ஊரில் தெருவோரம் உதிர்ந்து குப்பை வண்டியில் போகிறது. இவரோ பாக்கெட் போட்டு விற்கும் அதே இலையை ஆன்லைனில் வாங்குகிறார். கேட்டால், “தெரு இலையில சாம்பல் படிஞ்சிருக்கும் சார்.” கழுவினால் போய்விடும். கழுவினால் போய்விடுகிற கவலை அவருக்கு எதற்கு?

மறுப்புகள் வரும். நெய்வேலிக்காரருக்குக் கவலை இல்லையென்று யார் சொன்னது, மகளின் கல்யாணமும் மகனின் வேலையும் கவலையில்லையா என்று கேட்பார்கள். வேலிக்கு அப்பால் நிலத்தைக் கொடுத்தவர்களும், போர்வெல்லில் நீர்மட்டம் இறங்கிப்போனதாகப் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் கிராமத்தாரும் இன்னும் உரக்கவே கேட்கலாம். நியாயம். அதனால் என் வாதத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன்: அவருக்கு இல்லாதது அளக்கக்கூடிய கவலை. மகனின் வேலைக்கு மீட்டர் கிடையாது. பி.ஹெச். 6.8 என்றால் அதை 6.2-க்கு இறக்க வழி உண்டு, இறங்கியதைக் கண்ணால் பார்க்கலாம், லாக் புக்கில் எழுதலாம். உலகம் முழுவதும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்களே, நெய்வேலியை மட்டும் ஏன் இழுக்கிறீர்கள் என்பது இன்னொரு மறுப்பு. இருக்கிறார்கள், மற்ற இடங்களில் அது பொழுதுபோக்கு, இங்கே நான்காவது ஷிஃப்ட். யாருக்கும் கெடுதல் இல்லாத பழக்கம் என்று மூன்றாமவர் சொல்வதைப் பெரும்பாலும் ஏற்கலாம். ஒரு லிட்டர் சுத்த நீருக்கு இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும் ஆர்.ஓ. இயந்திரத்தை மட்டும் கணக்கிலிருந்து கழிக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையை டிரம்மில் பிடித்தால் உப்பில்லாத தண்ணீர் காசில்லாமல் கிடைக்கும். அதை அவர் செய்கிறார், சில சமயம்; டிரம்மில் கொசுப்புழு வளர்வதைச் சுகாதாரப் பணியாளர் கண்டுபிடிக்கும்வரை. புழுவும் மீன் தீனிதான் என்ற விளக்கம் அங்கே செல்லுபடியாவதில்லை.

கடைசியாக, ஊர்க்கார மீன். இந்தியாவுக்கென்று இருப்பவை மூன்றே சிக்லிட்கள். அவற்றில் ஒன்றைக் கேரளத்தார் கரிமீன் என்று வாழையிலையில் பொள்ளித்துத் தின்கிறார்கள். அதன் சின்ன உறவு ஆரஞ்சு குரோமைட். 1795-இல் பிளாக் என்ற ஜெர்மானியர் அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியது. எட்டு சென்டிமீட்டர்தான். குள்ளப் பட்டியலில் சேர்க்கச் சிலர் முகம் சுளிப்பார்கள், அளவென்னவோ குள்ளம்தான். தென்னிந்திய, இலங்கைக் கழிமுகங்களின் மீன். கடல் தொட்டுக் கிடக்கும் கடலூர் மாவட்டத்துக்காரருக்கு அந்நியமில்லை. வெயில் தாங்கும், உப்பு தாங்கும். தாயும் தகப்பனும் சேர்ந்து குஞ்சைக் காக்கும். குஞ்சுகள் பெற்றோரின் மேல்தோல் வழுவழுப்பை மேய்ந்து வளரும். எழுபதுகளில் இந்த மீனையும் இதன் பெரிய உறவையும் பார்க்க வெளிநாட்டு ஆய்வாளர்கள் இலங்கைக்கு வந்து தண்ணீரில் கிடந்தார்கள். நம் சிக்லிட்காரரிடம் சொல்லிப் பாருங்கள். “அது குழம்பு மீன் சார்” என்பார். அந்த வகையில் அவர்மேல் என் தீர்ப்பு மாறாது: அவர் ஆரஞ்சு குரோமைட் வளர்க்கும் நாளில் மீன்பிரியர் என்ற பட்டத்தை நானே முன்மொழிவேன், அதுவரை இல்லை.

அதற்கிடையில், பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இப்படி ஒருவர் இருந்து, ஊருக்குப் போகும்போது உங்களிடம் சாவி கொடுத்தால், எழுதிவைத்த தாளில் இருப்பதற்கு மேல் ஒரு பொட்டுத் தீனி போட வேண்டாம். நல்ல உடம்புள்ள வளர்ந்த மீனுக்கு நான்கு நாள் பட்டினி ஒன்றும் செய்யாது. அவரிடம் மட்டும் அதைச் சொல்லிவிடாதீர்கள்.