ஐந்தாம் படி: ஷாக்கப்சர் குறித்து ஓர் ஆராய்ச்சி

மனிதன் என்பவன் 68 கிலோ. இந்த வரையறை அடுக்குமாடிக் கட்டடங்களின் லிஃப்டுகளில் பொறிக்கப்பட்டுள்ளது. 6 பேர், 408 கிலோ. 8 பேர், 544 கிலோ. வகுத்துப் பார்த்தால் தலைக்கு 68. கல்வெட்டுக்கு நிகரான இத்தகடுகளை இரு சக்கர வண்டி ஆராய்ச்சிக்கும் எடுத்தாளலாம் என்பது எமது துணிபு.

ஆய்வுக்கு உட்பட்டவர் 112 கிலோ எடையுள்ள ஓர் ஆண், சென்னைவாசி, பெயர் வெளியிட விரும்பாதவர். அவர் வசிப்பதும் கட்டுரையாளர் வசிப்பதும் ஒரே வீடு, இருவர் சட்டை அளவும் ஒன்று என்பன தற்செயலான ஒற்றுமைகள். ஆய்வின் நடுநிலையை அவை பாதிக்கா. லிஃப்டுக் கணக்கில் அவர் 1.65 மனிதர். அவர் ஓட்டும் 100 சிசி வண்டியும் ஏறத்தாழ அதே 112 கிலோதான். ஆக, யார் யாரைச் சுமக்கிறார்கள் என்பதில் தொடக்கத்திலேயே ஐயம் எழுகிறது.

சிக்கல் இதுதான். வேகத்தடை ஏறி இறங்கும்போதெல்லாம் வண்டியின் அடிவயிற்றிலிருந்து 'டொக்' என்று ஓர் ஒலி. வேகத்தடைக்கும் இலக்கணம் உண்டு. இந்தியச் சாலைகள் காங்கிரஸின் 1988ஆம் ஆண்டு வழிகாட்டி நூலில் அது 17 மீட்டர் ஆரமுள்ள வில்லின் ஒரு துண்டு, 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். எங்கள் தெருவில் இருப்பது யாரோ வீடு கட்டி மிஞ்சிய கான்கிரீட். அதன் ஆரத்தை அளக்கக் கருவி கிடைக்கவில்லை. ஆயினும் அதே தடையை மற்றவர்கள் ஒலியின்றிக் கடக்கிறார்கள். பால்காரர் கேன்களோடு கடக்கிறார்.

மெக்கானிக் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டில ஒண்ணும் கோளாறு இல்ல சார்" என்றார். 'வண்டில' என்ற சொல்லுக்குச் சற்றே அழுத்தம் கொடுத்தார். பிறகு தரையைப் பார்த்தார். இத்துறையில் இதைவிட நாகரிகமான ஆய்வுரையை யாம் கண்டதில்லை.

முன்னோர் கூற்றை நோக்குவோம். வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர், மயிலிறகாயினும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்கிறார். அவர் அச்சை மட்டும் சொல்லி ஸ்பிரிங்கைச் சொல்லாமல் விட்டது எற்றுக்கெனின், அக்காலத்துச் சாகாட்டில் அது இல்லை. அடுத்து, இங்கிலாந்தின் இராபர்ட் ஹூக். ஸ்பிரிங்கின் மேல் எவ்வளவு பாரமோ அவ்வளவுக்கு அது அமுங்கும், பாரம் இரட்டித்தால் அமுக்கமும் இரட்டிக்கும் என்பது அவர் கண்ட விதி. கண்டதை உடனே சொன்னாரா? இல்லை. 1676இல் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு ஒரு புதிராக அச்சிட்டுவிட்டு, 1678இல்தான் விடையை அவிழ்த்தார். எங்கள் வட்டாரத்தில் அந்த விதி இன்னும் புதிர் நிலையிலேயே இருக்கிறது.

சான்று: பின்சக்கரத்தின் இருபுறமும் நிற்கும் ஷாக்கப்சர்களின் அடியில் படிக்கட்டு போல் வெட்டிய ஒரு வளையம் உண்டு. ஐந்து படிகள். சி எழுத்து போல் வளைந்த ஸ்பானரை மாட்டித் திருகினால் ஸ்பிரிங் ஒவ்வொரு படியாக இறுகும். ஆய்வுக்கு உட்பட்டவரின் வண்டி வாங்கிப் பதினோரு ஆண்டு. கடையிலிருந்து வந்த இரண்டாம் படியிலேயே பதினோரு ஆண்டும் ஓடியிருக்கிறது. ஸ்பானர், சீட்டுக்கு அடியில், பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் இருந்தது. இடைப்பட்ட காலத்தில் அவர் தம்மைத்தான் சரிசெய்துகொண்டு வந்திருக்கிறார்: வேகத்தடை கண்டால் எழுந்து நிற்பார்; பள்ளம் கண்டால் பல்லைக் கடிப்பார்.

இனி அளவைப் படலம். டபுள் ஸ்டாண்டு போட்டுப் பின்சக்கரத்தை அந்தரத்தில் விட்டு, அச்சிலிருந்து சீட்டுப் பூட்டு வரை அளக்க வேண்டும். பிறகு வண்டியை இறக்கி, ஆள் ஏறி உட்கார்ந்து, கால் இரண்டையும் மேலே வைத்துக்கொள்ள, மீண்டும் அதே அளவு. இதற்கு மூவர் தேவை. மகன் முன்னால் நின்று ஹேண்டில்பாரைப் பிடித்தான். மனைவி தையல் டேப்போடு குனிந்தார். முதல் அளவு 412 மில்லிமீட்டர். இரண்டாவது அளவின்போது, "மூச்ச இழுத்துப் பிடிக்காதீங்க, அதனால எடை குறையாது" என்றார். 352.

ஆக, 60 மில்லிமீட்டர் தொய்வு. அந்தச் சக்கரம் மேலும் கீழும் போகக்கூடிய மொத்தத் தூரமே 80. ஆள் ஏறியதும் மூன்றில் ஒரு பங்கு தொய்ந்து, மீதி இரண்டு பங்கு மேடு பள்ளத்துக்கு மிஞ்சுவதே முறை. இங்கே உட்கார்ந்ததிலேயே முக்கால் பங்கு போய்விட்டது. எஞ்சிய 20 மில்லிமீட்டரில் கான்கிரீட் தடையைச் சமாளிக்க வேண்டும். 'டொக்' என்பது ஸ்பிரிங்கின் கடைசிச் சொல்.

பின்பக்கம் தாழ்ந்தால் முன்பக்கம் நிமிரும். திருப்பங்களில் வண்டி மந்தமாகும். ஹெட்லைட்டும் வானம் பார்க்கும். எதிரே வருபவர்கள் பல ஆண்டுகளாக லைட்டை அடித்து அடித்துக் காட்டியது இதனால்தான். ஆய்வுக்கு உட்பட்டவர் அவர்களைத் தெரிந்தவர்கள் என்று எண்ணி, ஒவ்வொருவருக்கும் கை உயர்த்தி வணக்கம் சொல்லி வந்திருக்கிறார்.

ஐந்தாம் படிக்குத் திருகினோம். இரு புறமும் ஒரே படி. ஒன்று ஐந்திலும் ஒன்று மூன்றிலும் நின்றால் வண்டி கோணும். தொய்வு 46 ஆகக் குறைந்தது. படி ஏற்றினால் ஸ்பிரிங் 'கெட்டியாகும்' என்பது மெக்கானிக் மரபினர் கொள்கை. அதை மறுக்கிறோம். கயிற்றுக் கட்டில் தொய்ந்தால் காலுக்குக் கீழே செங்கல் வைப்பது போன்றது அது. கட்டில் உயரும், முதுகு தரையில் இடிக்காது. கயிறு அதே கயிறுதான். உண்மையான மருந்து, அதே நீளத்தில் கனமான கம்பியால் சுற்றிய ஸ்பிரிங். அதன் விலையைக் கேட்ட ஆய்வுக் குழு, செங்கல் வைத்தியத்தை மேலும் சில காலம் ஆராய்வது என்று முடிவு செய்தது.

பஞ்சர் கடை மரபு வேறு சொல்கிறது: "காத்தைக் கொஞ்சம் இறக்கிக்கிங்கண்ணே, மெத்துனு போகும்." போகும்தான். கனத்த ஆளுக்குக் காற்று குறைந்தால் டயர் பிதுங்கிச் சூடேறும்; பள்ளத்தில் ரிம் வளையும். வண்டியிலுள்ள ஸ்டிக்கரில் பின்சக்கரத்துக்கு இரண்டு எண்கள் இருக்கும், ஒருவருக்கு ஒன்று, இருவருக்கு ஒன்று. 1.65 மனிதர் எதைக் கொள்வது? ஒன்றைவிட இரண்டுக்கே அது அருகில் என்பதால், தனியே போகும்போதும் இருவர் கணக்குக் காற்றே என்க. செயினுக்கும் ஒரு சொல்: டபுள் ஸ்டாண்டில் வைத்து இறுக்கிய செயின், ஆள் ஏறியதும் மேலும் இறுகும். உட்கார வைத்தே பார்க்க வேண்டும்.

சீட்டு விஷயத்தில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஓர் ஏமாற்றம் நேர்ந்தது. கடைப் பையன் கட்டைவிரலால் அழுத்திக் காட்டிய ஃபோம் பஞ்சு போல் இருந்தது. கட்டைவிரல் 112 கிலோ அன்று. பத்து நிமிட ஓட்டத்தில் ஃபோம் தட்டையாகி, அடியிலுள்ள தகடு தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. கனத்த ஆளுக்கு அடர்ந்த ஃபோம்தான். கடையில் முரடாகத் தெரிவதே தாம்பரம் தாண்டியதும் இதமாக இருக்கும்.

ஐந்தாம் படியில் 'டொக்' அருகியது. எதிரே வருபவர்கள் லைட் அடிப்பதை நிறுத்தியதில் ஆய்வுக்கு உட்பட்டவருக்குச் சிறு வருத்தம். எட்டாம் நாள் மகன் வண்டியைக் கல்லூரிக்கு எடுத்துப் போனான். அவன் 54 கிலோ, அதாவது 0.79 மனிதன். மாலையில் திரும்பி, "என்னப்பா இது, ஒவ்வொரு பள்ளத்துலயும் தூக்கித் தூக்கிப் போடுது" என்றான். யாரிடமும் சொல்லாமல் முதல் படிக்கு இறக்கி வைத்துவிட்டான். மறுநாள் காலை தெருமுனை வேகத்தடையில் ஒலித்த 'டொக்'கைப் பால்காரர் திரும்பிப் பார்த்தார்.

இப்போது சாவி மாட்டும் ஆணியில் சாவியோடு அந்த ஸ்பானரும் தொங்குகிறது. பக்கத்துச் சுவரில் மனைவி பென்சிலால் 5, 1 என்று எழுதி வைத்திருக்கிறார். எந்த எண் யாருக்கு என்று எழுதவில்லை.