அழுவாம நடி ஆயி

நேத்து ராவு இஸ்தோப்புல நின்னு நீ வச்ச ஒப்பாரிக்கு, மேல் லயத்துலருந்து ரெண்டு பொம்பளைங்க "யாரு போயிட்டா?"ன்னு முந்தானையச் செருகிக்கிட்டு எறங்கி வந்துட்டாங்க ஆயி. யாரும் போகல, பேத்தி கெம்பஸ் நாடகப் பரீட்சைக்குப் பழகுறான்னு சமாதானம் சொல்லி அனுப்பி வச்சேன். போறப்ப ஒருத்தி, "அப்படின்னா கட்டாயம் பாஸாயிரும் தாத்தா"ன்னா. அவ பேச்ச நம்பிராத. எழவுக்கு வந்தவ போடுற மார்க்கு வேற. மட்டக்களப்பு கெம்பஸ்ல மேசைக்கு அந்தாண்ட பேனாவ வச்சுக்கிட்டு குந்தியிருக்கப் போறவங்க போடுற மார்க்கு வேற.

கெழவனுக்கு என்னா தெரியும்னு நெனைக்காத. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன்தான். ஆனா காமன் கூத்துல ரதி வேசம் கட்டுனவன். சிவன் நெத்திக் கண்ணத் தொறந்து மன்மதன எரிச்சதுக்கு அப்புறம் ரதி அழுவா பாரு, தோட்டமே சேந்து அழும். மாசி மாசக் குளிரு, தப்புச் சத்தம், முன்னுக்கு மீசைய மழிச்ச ஒரு ஆம்பள. அது ஆம்பளன்னு கைக்கொழந்தைக்கும் தெரியும். தெரிஞ்சேதான் அழுவாங்க. கூத்துல எதையும் மறைக்கத் தேவையில்ல.

நீ போடப் போறது அது இல்லையே. இயற்பண்பு நாடகம்னு நோட்டுல சிவப்பு மையில கோடு போட்டு வச்சிருக்க. வீட்டுக்குள்ள நடக்கிறத நடக்கிறபடியே காட்டணும், பாக்கிற ஆளு இருக்கிறதே தெரியாத மாதிரி இருக்கணும், முன்னுக்கு நாலாவது செவுரு ஒன்னு இருக்குன்னு நெனைச்சுக்கணும். நீ சத்தம் போட்டுப் படிக்கையில எனக்கும் காதுல வுழுந்துச்சு. சரி, அப்புறம் எதுக்கு ரதியக் கையப் புடிச்சுக் காம்பராவுக்குள்ள கூட்டியார்ற?

கத நல்ல கததான். கொழுந்து எடுத்துட்டு அந்திக்கு வூட்டுக்கு வர்ற அம்மா நீ. கொழும்புக்குக் கட வேலைக்குப் போறேன்னு நிக்கிற மக ஒன் கூட்டாளி. நீ எப்படி வர்ற? இடுப்புல ஒரு கை, நெத்தியில ஒரு கை, "அப்பாடா"ன்னு ஒரு பெருமூச்சு, உக்காந்து ஒரு சொட்டுக் கண்ணீரு. எந்தத் தோட்டத்துல எவ இப்படி வர்றா, சொல்லு? ஒங்கம்மா நேத்து வந்தாளே, பாத்தியா? எங்க பாத்த, நோட்டப் பாத்துக்கிட்டு இருந்த. வந்தா, படங்க அவுத்தா, பீலியில காலக் கழுவுனா. அடுத்த வூட்டுக்காரிகிட்ட அரிசி வெலையப் பேசிக்கிட்டே கெண்டக்கால்ல இருந்த அட்டையப் பிச்சு எறிஞ்சா. பேச்சு நிக்கல. அடுப்பப் பத்த வச்சா, மாவப் பெசைஞ்சா. உக்காரவே இல்ல. உக்காந்தா எந்திரிக்க முடியாதுன்னு அவளுக்குத் தெரியும்.

இதப் பாக்காம நீ ருசியாக்காரரப் படிக்கிற. ஸ்டனிஸ்லவ்ஸ்கி. பேரச் சொல்லி முடிக்கங்காட்டியும் பிளேன்டி ஆறிப் போவுது. நல்ல மனுசன்தான் போல. தங்கச் சரிகை ஆலைக்காரர் வூட்டுப் புள்ள. 1897ல கூட்டாளி ஒருத்தரோட ஒரு சாப்பாட்டுக் கடையில குந்தி, புதுசா நாடகக் கம்பனி கட்டுறதப் பத்தி 18 மணி நேரம் பேசுனாராம். பெரட்டுக்குப் போற ஆளா இருந்தா கங்காணி விட்டுருப்பானா? அடுத்த வருசமே மொஸ்கோவுல தியேட்டரும் தொறந்துட்டாங்க. 1902ல கோர்க்கி எழுதுன நாடகத்தப் போட்டாங்க, சத்திரத்துல கெடக்கிற இல்லாதவங்க கத. நடிக்கிறவங்களுக்கு அந்த வாழ்க்க தெரியாது. அதனால எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஹித்ரோவ் சந்தைப் பக்கம் போயி, அங்க ராத்தங்குற சனங்க எப்படிக் குந்துறாங்க, எப்படித் திங்கிறாங்க, எப்படிப் படுக்கிறாங்கன்னு பாத்துட்டு வந்தாங்களாம்.

பாரு கூத்த! சரிகைக்காரர் வூட்டுப் புள்ள ஏழை வூட்டத் தேடிப் போயிப் படிச்சத நோட்டுல எழுதி வச்சுக்கிட்டு, லயத்துலயே பொறந்த நீ அதப் பாத்து லயத்துக்காரியா நடிக்கிற. பஸ்ஸுக்குக் காசு செலவில்லாம ஒனக்குக் கெடச்ச ஹித்ரோவ் சந்தை இந்த அடுப்படி.

அடுப்படி அலுத்துட்டா நல்லதண்ணி பஸ் ஸ்டாண்டுக்குப் போயி நில்லு. உந்துவப் போயாவுலருந்து வெசாக் போயா வரைக்கும் நாடே வந்து சிவனொளிபாத மல ஏறுது. 2,243 மீற்றர் ஒசரம், 5,000த்துக்கு மேல படி. ஏறுறவனப் பாக்காத, மூச்சு வாங்குறதத்தான் எல்லாரும் நடிக்கிறாங்களே. காலையில எறங்கி வர்றவனப் பாரு. கடைசிப் படிகள்ல பக்கவாட்டா திரும்பி எறங்குவான், தொட ரெண்டும் வெடவெடன்னு ஆடும். பின்னாடி மச்சான் வர்றான், மாமியா வர்றாங்க, அதனால மூஞ்சியில சிரிப்ப மட்டும் விட மாட்டான். "ஒன்னுமில்ல, லேசாத்தான் வலிக்குது"ம்பான். அந்தச் சிரிப்பப் பாத்தாலே அவன் முழங்கால் என்ன பாடு படுதுன்னு ஒனக்குத் தெரிஞ்சுரும். நீ கையில வேலையே இல்லாம, மூஞ்சி பூரா வலிய வச்சுக்கிட்டு நிக்கிற. வலிய ஒளிச்சு வை ஆயி, அவங்க தேடி எடுத்துக்குவாங்க.

இப்ப சண்டைக்கு வருவோம். மக கொழும்புக்குப் போறேங்கிறா, நீ "போகாதே மகளே!"ன்னு கத்துற. நாலாவது செவுரு இருக்குன்னு நெனைக்கிறதுல உள்ள தொல்ல இது, மத்த மூணு செவுத்த மறந்துருவ. பத்துக்குப் பன்னெண்டடி காம்பரா. இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். இங்க தும்முனா அங்க "நூறு"ங்கிறாங்க. வயசுப் புள்ள வூட்ட வுட்டுக் கெளம்புற சங்கதிய எந்த அம்மாவாச்சும் தொண்ட கிழியப் பேசுவாளா? நாளைக்கு நெறைக்கு நெறை அதே பேச்சா இருக்குமே, கொழுந்து நிறுக்கிற எடம் வரைக்கும் போயிருமே! குசுகுசுன்னுதான் சண்ட. பல்லக் கடிச்சுக்கிட்டுத்தான் கோவம். அதுலயும் பாதிப் பேச்சு மகளப் பாத்து வராது. வாசல்ல மேயிற கோழியப் பாத்து வரும்.

"ஒனக்கென்ன, நீயும் கொழும்புக்குப் போ. அங்க தங்கத் தட்டுல தவிடு வைப்பாங்க."

மகளும் நேராப் பதில் சொல்ல மாட்டா. தேத்தண்ணிக் கேத்தலக் கழுவிக்கிட்டே கேத்தலுக்குச் சொல்லுவா: "இங்க மட்டும் என்ன, அந்தி நிறுவையில ரெண்டு கிலோ கழிச்சுட்டாங்கன்னு நேத்துப் பூரா பொலம்புனது யாராம்?" இப்படிச் சாடையிலயே போவும். கோழிக்கும் கேத்தலுக்கும் நடக்கிற சண்டையில அம்மாவும் மகளும் ஒரு தடவகூட நேருக்கு நேரு பாத்துக்க மாட்டாங்க. அந்த நேரம் பாத்து அடுத்த காம்பராவுல ஒரு இருமல் கேக்கும். அம்புட்டுத்தான், சண்ட முடிஞ்சுது. ரெண்டு பேரும் அரிசி வெலையப் பேச ஆரம்பிச்சுருவாங்க. அந்த இருமலுக்கு ஒரு ஆளப் புடிச்சு மேடைக்குப் பின்னால நிறுத்து. நானே வருவேன், எனக்குப் பழக வேண்டிய தேவையும் இல்ல. பஸ் காசு மட்டும் பாத்துக் குடு.

இன்னொன்னு. வாசல்ல "என்னம்மா செய்யுற"ன்னு கேக்குற நீ, மேடையின்னதும் "என்னம்மா செய்யிறியள்"ங்கிற. யாழ்ப்பாணத்துல ஒனக்கு எந்த மாமன்டி இருக்கான்? பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940ல 'நானாடகம்'னு புத்தகம் போட்டாரு, யாழ்ப்பாணத்துப் பேச்ச அப்படியே மேடைக்குக் கொண்டு வந்தாருன்னு நீதான் படிச்ச. அவரு தன் ஊர்ப் பேச்சத் தூக்குனாரு. நீ அவரு ஊர்ப் பேச்சப் பேசுனா அவருக்கே சிரிப்பு வந்துரும். "வாங்க, போங்க, பெரட்டு, பேரு, நெறை, கவ்வாத்து" எல்லாத்தையும் தைரியமாப் பேசு. புரியலன்னா மார்க்கு போடுறவங்க கேட்டுத் தெரிஞ்சுக்கட்டும், அவங்களும் கொஞ்சம் படிக்கட்டுமே.

சாமானுக்கு வருவோம். பாரிஸ்ல அந்த்துவான்னு ஒருத்தர், காஸ் கம்பனியில கிளாக்கர். 1887ல நாடகம் போடக் காசில்லாம, அம்மா வூட்டு மேச நாக்காலியத் தள்ளுவண்டியில ஏத்திக்கிட்டுப் போயி மேடையில போட்டாராம். அதக் கேட்டதுலருந்து ஒங்கம்மா அம்மியக் கண்ணு வச்சுக்கிட்டு இருக்க. அம்மி போனா இங்க சம்பல் இல்ல, சொல்லிப்புட்டேன். அடுத்த வருசம் அதே மனுசன் கசாப்புக் கட நாடகத்துக்கு நெசமான மாட்டுத் தொடையையே மேடையில தொங்க வுட்டாரு. அத மட்டும் நீ கத்துக்காத. ருசியாக்காரரும் லேசுப்பட்டவரு இல்ல. செக்கோவ் நாடகத்துக்கு மேடைக்குப் பின்னால தவளச் சத்தம், நாய்ச் சத்தம், பூச்சிச் சத்தம்னு வச்சாரு. எழுதுன டொக்டர் ஐயாவுக்கே பொறுக்கல, குருவியும் நாயும் கத்தாத ஊருல நடக்கிற நாடகம் ஒன்னு எழுதப் போறேன்னு கேலி பண்ணுனாராம். அந்த டொக்டரு 1904ல மேடையேறுன கடைசி நாடகத்துக்கு நகைச்சுவைன்னு பேரு போட்டுக் குடுத்தாரு. இவரு அத அழுகாச்சியாக்கிட்டாரு. ஒன் வாத்தியாருக்கு வாத்தியாருக்கே ரதி பைத்தியம் இருந்துருக்கு, ஒன்னச் சொல்லி என்ன?

கூடை, படங்கு, ஒரு கேத்தலு, மாவுத் தட்டு. இது போதும். மழைக்குத் தகரத்தத் தட்டப் போறேன்னியே, வேணாம். நல்லதண்ணி மழைய ஒரு தகரத்துல கொண்டு போவ முடியாது.

உணர்ச்சிக்குத் தனி மார்க்கு இருக்கு தாத்தா, அழுவாட்டி கொறைச்சுருவாங்கன்னு சொல்ற. சரி, அதுக்கும் ஒரு வழி இருக்கு. இங்கயே நாலு ரொட்டி சுட்டு, ஒன்ன வேணும்னே கருக்கி எடுத்துக்கிட்டுப் போ. மக கேத்தலோட பேசி முடிச்சதும், நீ கல்லுலருந்து எடுக்கிற மாதிரி எடு. கருகுனதப் பாரு. கரியக் கத்தியால சொரண்டு. நல்லத மக தட்டுல போடு, கருகுனத ஒன் தட்டுல போட்டுக்க. மகளப் பாக்காத, சபையையும் பாக்காத. "சூடா இருக்கு, ஊதித் தின்னு"ன்னு மட்டும் சொல்லு. அந்த எடத்துல அவ கொழும்புக்குப் போறதுக்கு நீ சம்மதிச்சாச்சு. சபைக்குப் புரிஞ்சாலும் சரி, புரியாட்டியும் சரி, நீ ரொட்டியத் திங்கிறதப் பாரு.

மாவு வெலைய ஞாபகம் வச்சுக்க. பழகுறதுக்கு மண்ணப் பெச, பரீட்சைக்கு மட்டும் மாவு. அப்புறம் அந்தக் கூடை மேல் லயத்து அத்தையோடது. பரீட்சை முடிஞ்ச அன்னைக்கே கொண்டாந்து குடுத்துரு, மறுநாள் காலையில அவ மலைக்குப் போவணும்.