கிதாரில் மகரக்குறுக்கம்: வேகச் சாதனைகள் பற்றி ஓர் ஆராய்ச்சி

கண் இமைக்கும் நேரமோ கை நொடிக்கும் நேரமோ ஒரு மாத்திரை என்று வகுத்தவர் தொல்காப்பியர். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. ‘போன்ம்’ என்ற சொல்லின் கடைசி மகரம் இன்னும் தேய்ந்து கால் மாத்திரையாகிவிடும், அதுவே மகரக்குறுக்கம். அதற்குக் கீழே இலக்கணம் இறங்கவில்லை. இறங்க வேண்டிய தேவை எலெக்ட்ரிக் கிதார் வந்த பிறகுதான் ஏற்பட்டது.

இவ்வாராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பாடம் ‘ஃப்ளைட் ஆஃப் த பம்பிள்பீ’. 1900-இல் மாஸ்கோவில் அரங்கேறிய ‘ஜார் சால்டானின் கதை’ என்ற ஆபெராவுக்காக ரிம்ஸ்கி-கோர்சகோவ் எழுதியது. அன்னமாக இருக்கும் இளவரசி, இளவரசனை வண்டாக்கி அப்பாவைப் பார்த்துவர அனுப்புகிறாள். அந்த வண்டின் ரீங்காரம்தான் இந்த இசை. பிள்ளை அப்பாவைப் பார்க்கப் போகிறான், அவ்வளவே. யாரும் விரட்டவில்லை. கிதார்காரர்கள் விரட்டினார்கள். 2008-இல் பிரேசில்காரரான தியாகோ டெலா வேகா இதை 320 பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 320 பீட் வேகத்தில், வாசித்துக் கின்னஸில் ஏறினார். 2011-இல் அமெரிக்கர் ஜான் டெய்லர் 600-ஐத் தொட்டார். சாவி கொடுக்கும் பழைய மெட்ரோனோமில் பொறித்திருக்கும் கடைசி எண் 208 என்பதை இங்கே நினைவில் கொள்க.

ஒரு பீட்டுக்கு நான்கு நோட்டு என்று வைத்தால், 320-இல் விநாடிக்கு 21 நோட்டு, 600-இல் 40. இரண்டே நோட்டு என்று எண்ணினால் அதே சாதனை பாதியாக இளைத்துவிடும். ஆகவே யார் எந்த எண்ணைச் சொன்னாலும் ‘பீட்டுக்கு எத்தனை?’ என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. நான்கு என்றே தாராளமாக ஏற்போம். அப்போது 600-இல் ஒரு நோட்டின் ஆயுள் 25 மில்லி விநாடி. மனிதக் கண் மிக விரைவாக இமைத்தால் சுமார் 100 மில்லி விநாடி. அதில் கால் பங்கு 25. எனவே 600 பிபிஎம் வாசிப்பு என்பது முழுக்க முழுக்க மகரக்குறுக்கங்களால் யாத்த செய்யுள் என்று துணியப்படும்.

கை இதற்கு ஒத்துழைக்குமா? சும்மா நீட்டிய கைகூட விநாடிக்கு 8 முதல் 12 தடவை மிக நுண்ணியதாக நடுங்குகிறது. கம்பியை மீட்டும் பிக் போகும்போது ஒரு நோட்டு, வரும்போது ஒரு நோட்டு. ஆக 20 நோட்டு வரை இயற்கையின் நடுக்கமே கூட்டு என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அதற்கு மேல் சொந்தப் பொறுப்பு. இடக்கை விரல் ஃப்ரெட்டில் இறங்கும் கணமும் பிக் கம்பியைக் கடக்கும் கணமும் ஒன்றாக வேண்டும். 5 மில்லி விநாடி பிசகினால், 600-இல் நோட்டின் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. ஸ்வரம் இருக்க வேண்டிய இடத்தில் ‘டக்’கென்று ஒரு கட்டைச் சத்தம்தான் கேட்கும். டிஸ்டார்ஷன் போட்டுவிட்டால் அதுவும் தெரியாது. டிஸ்டார்ஷன் ஏன் இவ்வளவு பிரபலம் என்பது தனி ஆய்வுக்குரியது.

அற்றேல், வீடியோ இருக்கிறதே எனின், அறியாது கூறினாய். சாதாரண வீடியோவில் விநாடிக்கு 30 படம், நோட்டோ 40. பத்து நோட்டுக்காவது கேமராவிடம் சாட்சியே கிடையாது. காதை நம்பலாமா? விநாடிக்கு 20 தட்டலைத் தாண்டினால் அது தனித்தட்டல்களைக் கைவிட்டு ஒரே இரைச்சலாக்கிக்கொள்கிறது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்றவர்கள் இதைக் கேட்டுவிட்டுத்தான் சொன்னார்களோ என்னவோ.

இனி கம்பியின் தரப்பு. தடித்த ஆறாவது கம்பி விநாடிக்குச் சுமார் 82 முறை அதிர்கிறது. ஒரு அதிர்வுக்கு 12 மில்லி விநாடி. யாராவது 1300 பிபிஎம் என்று கிளம்பினால் ஒரு நோட்டுக்குக் கிடைப்பது 11.5. தான் எந்த ஸ்வரம் என்று கம்பிக்கே தெரிவதற்குள் பதவி பறிபோய்விடும். இந்த இசை பெரும்பாலும் மெல்லிய கம்பிகளில்தானே வருகிறது என்பாரும் உளர். நியாயம்தான். கம்பி பிழைத்துக்கொள்ளும், கேட்பவர் பாடு?

எஞ்சியிருப்பது வண்டு. நிஜ பம்பிள்பீயின் சிறகு விநாடிக்குச் சுமார் 200 தடவை அடிக்கிறது. அதைக் கிதாரில் எட்ட 3000 பிபிஎம் வேண்டும்; 600-ஐத் தொட்டவரே அதைப்போல் ஐந்து மடங்கு உழைக்க வேண்டியிருக்கும். எட்டிப் பிடித்தாலும், விநாடிக்கு 200 தட்டல் காதில் ஒரே சுருதியாகத்தான் விழும். கிதாரின் மூன்றாவது கம்பி 196-இல் அதிர்கிறது. எந்த ஃப்ரெட்டையும் அழுத்தாமல் அதை ஒரு தடவை மீட்டினால் ஏறக்குறைய அதே சுருதி வந்துவிடும். கிதார் வகுப்பில் முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்.