இடிக்கு ஒரு வழி

எங்கள் வீட்டில் மின்னல் பாதுகாப்புத் துறை நீண்ட காலம் அம்மாவிடம்தான் இருந்தது. மேற்கே பொதிகைப் பக்கம் ஓர் உறுமல் கேட்டால் போதும்; "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லிக்கொண்டே கிளம்பிவிடுவாள். டிவி, ஃபிரிட்ஜ், மோடம், மிக்ஸி, போன் இல்லாமல் சும்மா தொங்கும் சார்ஜர் என ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே போவாள். கிரிக்கெட்டில் கடைசி ஓவர் ஓடுகிறதே, மருமகள் கேமரா முன்னால் உட்கார்ந்து அலுவலகக் கூட்டத்தில் பேசுகிறாளே என்ற சலுகையெல்லாம் கிடையாது. மழை விட்ட பிறகும் உடனே மாட்ட விடமாட்டாள். "வானம் இன்னும் முறைச்சுக்கிட்டுத்தான் இருக்கு" என்பாள். நாங்கள் சிரிப்போம். ஆனால் பிளக்கைப் பிடுங்கி வைப்பதைவிட உறுதியான பாதுகாப்பை எந்தப் பொறியாளரும் இன்றுவரை கண்டுபிடித்துவிடவில்லை.

அந்தத் துறைக்கு ஒரே ஒரு பலவீனம்: அமைச்சர் ஊரில் இல்லாவிட்டால் வேலை நடக்காது.

அம்மா வளைகாப்புக்கென்று சங்கரன்கோவில் போயிருந்த ஒரு சித்திரை மதியத்தில் கோடை மழை வந்தது. எங்கள் தெருவுக்குப் பின்னால், பாளையங்கோட்டை முடிந்து காடு தொடங்கும் இடத்தில், ஒரு பனையின் தலையில் இடி இறங்கியது. காது தெளிந்து பார்த்தால் மோடத்தில் விளக்கு இல்லை. வாசல் கேட்டின் மோட்டார், கேட்டைப் பாதி திறந்த நிலையில் சமாதி அடைந்திருந்தது. கரண்டு மிச்சமாகும் என்று தேடித்தேடி வாங்கிய பிஎல்டிசி ஃபேன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. ஃபிரிட்ஜுக்குள் விளக்கு எரிந்தது. குளிர்ச்சி மட்டும் இல்லை. கூடத்தில் அப்பா காலத்து இரும்பு ஃபேன் வழக்கமான முனகலோடு சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு இடி இடித்ததே தெரியாது.

அப்புறம் மெக்கானிக்குகள் வந்தார்கள். ஒவ்வொருவரும் மூடியைக் கழற்றினார்கள், உள்ளே மோந்து பார்த்தார்கள், ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "போர்டு போயிருச்சு சார்." ஃபிரிட்ஜிலும் போர்டு, ஃபேனிலும் போர்டு, கேட்டிலும் போர்டு. எட்டு ரூபாய்க்குச் சுண்டு விரல் அளவு இருக்கும் பாகம் ஒன்று கருகியிருக்கும். அதை மட்டும் மாற்ற முடியாது, மொத்த போர்டையும் மாற்ற வேண்டும், அது கம்பெனியிலிருந்து வர வேண்டும். அப்பாவின் ஃபேனுக்குள் இருப்பது செம்புக் கம்பிச் சுருளும் ஒரு கெப்பாசிட்டரும்தான். போவதற்கு அதில் போர்டே இல்லை.

எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணாச்சியிடம் நியாயம் கேட்டேன். "இடி விழுந்தது பனையிலே. எங்க வீட்டு ஃபேன் என்ன பாவம் பண்ணுச்சு?"

"பக்கத்துல விழுந்தாலே போதும் சார். லைன்ல ஒரு தள்ளு தள்ளும். அது மீட்டர் வழியா உள்ளே வந்து, எது மெல்லிசா இருக்கோ அதைப் பாத்து அடிச்சிட்டுப் போயிரும்."

பாடப்புத்தகம் இதையே நாலு பக்கத்தில் சொல்லும். ஒரு மின்னலில் பாயும் மின்னோட்டம் சராசரியாக 30,000 ஆம்பியர் அளவில் இருக்கும். அது மண்ணில் இறங்கும் நேரத்தில் சுற்றிலும் எழும் காந்தப்புலம், தெருவில் போகும் கம்பிகளில் ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தூண்டிவிட்டுப் போய்விடும். 230 வோல்ட்டுக்குப் பழகிய போர்டு அதற்கு என்ன செய்யும்? "எம்சிபி இருக்குல்லா?" என்று கேட்டேன். அண்ணாச்சி சிரித்தார். எம்சிபி எவ்வளவு வேகமாக விழுந்தாலும் அதற்கு மில்லிசெகண்டுகள் ஆகும். இது மைக்ரோசெகண்டு விவகாரம். எம்சிபி விழித்துப் பார்க்கும்போது வந்தவன் வேலையை முடித்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்திருப்பான். ஸ்டெபிலைசரும் அப்படித்தான்.

இதற்கென்றே எஸ்பிடி என்று ஒன்று இருக்கிறது, மெயின் டிபி பெட்டிக்குள்ளேயே மாட்டிவிட்டால் வீடு முழுவதற்கும் காவல் என்றார். ஜங்ஷன் பக்கம் கடைக்குப் போய்க் கேட்டேன். கடைக்காரர் ஒரு ஸ்பைக் பஸ்டரை எடுத்து வைத்தார். இது இல்லை, டிபியில் மாட்டுவது என்றேன். "அது மில்லுக்கு, ஃபேக்டரிக்குப் போடுறதுல்லா? வீட்டுல அப்படி என்ன வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, வருமான வரித்துறையின் கண்ணோடு என்னைப் பார்த்தார். வீட்டில் இருப்பது போர்டுகள் என்று சொன்னால் நம்பியிருக்கமாட்டார்.

ஒருவழியாக வந்து சேர்ந்தது. த்ரீ ஃபேஸ் வீடு என்பதால் தீப்பெட்டி அகலத்தில் நாலு துண்டுகள். ஃபேஸுக்கு ஒன்றாக மூன்று; நாலாவது, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் நிற்கும் வாயுக்குழாய். மற்ற மூன்றுக்குள்ளும் இருப்பது வேரிஸ்டர். சுட்டெடுத்த துத்தநாக ஆக்ஸைடு. வேர்க்குருவுக்குத் தடவும் காலமைன் லோஷனில் இருக்கிறதே, அதே சரக்கு. 1960களின் பிற்பகுதியில் ஜப்பானில் மட்சுஷிடா நிறுவனத்தின் மிச்சியோ மட்சுவோகா இதன் குணத்தைப் பிடித்தார். சாதாரண வோல்டேஜில் கரண்டை விடவே விடாது. வோல்டேஜ் எல்லை மீறினால் கண நேரத்தில் கதவைத் திறந்து, வந்ததை மண்ணுக்குத் தள்ளிவிட்டு மறுபடி சாத்திக்கொள்ளும். 275 வோல்ட் தாங்குவது, 320 தாங்குவது என்று ரகங்கள் உண்டு. ராத்திரியில் எங்கள் பக்கம் வோல்டேஜ் ஏறி நிற்கும் என்பதால் அண்ணாச்சி 320தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். அதன் மேல் '8/20' என்று எழுதியிருந்தது. எட்டு மைக்ரோசெகண்டில் உச்சிக்கு ஏறி, இருபதாவதில் பாதியாக இறங்கும் அடியை வைத்துச் சோதித்தார்கள் என்று பொருள். அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "மேனுபேக்சரிங் தேதியா?" என்று கேட்டாள்.

"மண்ணுக்குத் தள்ளிவிடும்" என்று சொன்னேன் அல்லவா? வினை அங்கேதான் இருந்தது. மாட்டுவதற்கு முன்னால் எர்த்தைப் பார்த்துவிடுவோம் என்று, அண்ணாச்சி ஒரு நூறு வாட் குண்டு பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பிடித்தார். சுமாரான எர்த்துக்கே பல்பு பளிச்சென்று எரிந்துவிடும். அதனால் அது பெரிய சோதனையே இல்லை என்றும் சொன்னார். எங்கள் வீட்டில் அது மினுங்கக்கூட இல்லை.

பச்சை வயரைப் பின்தொடர்ந்து போனோம். மீட்டர் போர்டிலிருந்து இறங்கி, கார் நிறுத்தும் இடத்தின் ஓரமாகத் தரைக்குள் போனது. டைல்ஸைப் பெயர்த்துத் தோண்டினால், முழங்கை ஆழத்தில் வயர் முடிந்துவிட்டது. குழாயும் இல்லை, தகடும் இல்லை. வீடு கட்டிக் கொடுத்தவர் முருங்கைக் கொம்பு நட்டது போல வயரை நட்டுவிட்டுப் போயிருக்கிறார். துளிர்க்கும் என்று நம்பியிருப்பார்போல. இத்தனை வருஷம் வாஷிங் மெஷினும் கிரைண்டரும் மூன்று முள் பிளக்கோடு, தங்களுக்கு எர்த் இருக்கிறது என்ற பக்தியில் ஓடியிருக்கின்றன. வழியில்லாத வீட்டில் வழிகாட்டியை மாட்டி என்ன செய்ய?

எனவே எஸ்பிடி மேஜை மேல் காத்திருக்க, முதலில் எர்த் பிட் போடும் வேலை தொடங்கியது. இரண்டரை மீட்டர் ஜிஐ குழாய், கரி, தூத்துக்குடிக் கல்லுப்பு ஒரு மூட்டை. "இம்புட்டு உப்பு எதுக்குலே, ஊறுகாயா போடுதான்?" என்றாள் அம்மா. உப்பும் கரியும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மண்ணைக் கரண்டுக்கு இணக்கமாக்கும் என்று விளக்கினேன். எங்கள் மண் சரளை. இரண்டு அடிக்குக் கீழே கடப்பாறை 'ணங்' என்றது. தெருவில் போனவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

"போர் போடுதீயளா? தண்ணி வந்துச்சா?"

"போர் இல்ல அண்ணாச்சி. இடிக்கு."

"இடி வந்துச்சா?"

"இனிமேதான்."

அவர் மறுபடி எங்கள் தெரு வழியாக வந்ததாக நினைவில்லை.

இந்தச் சமயம் பார்த்துச் சித்தப்பா வந்தார். வாட்ஸ்அப்பில் அவருக்கு வராத விஞ்ஞானம் இல்லை. "முன்னோர்கள் என்ன முட்டாளா? கோபுரத்து மேல கலசம் வச்சதே இடிதாங்கியாத்தான். மொட்டை மாடியில ஒரு செம்புக் கலசம் வை, செலவு முடிஞ்சது."

"கலசத்துலேருந்து மண்ணுக்குக் கம்பி எந்த வழியா இறங்குது சித்தப்பா?"

"அது சூட்சுமம்."

சூட்சுமத்தில் செத்துப்போன ஒருவரைப் பற்றி அவரிடம் சொன்னேன். 1753இல் ரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ரிச்மன் என்ற இயற்பியல் பேராசிரியர், மின்னலை அளந்து பார்ப்பதற்காகக் கூரையிலிருந்து ஒரு கம்பியைத் தன் வீட்டுக்குள் இறக்கினார். அளப்பதற்காகவே அதை மண்ணோடு இணைக்காமல் விட்டிருந்தார். வந்த மின்னலுக்குப் போக்கிடம் இல்லை. அருகில் நின்றவரின் நெற்றிக்குத் தாவியது. சித்தப்பா கவனமாகக் கேட்டுவிட்டு, "பாத்தியா, வெள்ளக்காரன் விஞ்ஞானம்" என்றார்.

கருவியை வைத்து அளந்தபோது புது எர்த் ஐந்து ஓமுக்குக் கீழே காட்டியது. அண்ணாச்சி மனம் குளிர்ந்தார். அடுத்து டிபியைத் திறந்தோம், திறந்ததும் எங்களுக்குள் சண்டை வந்தது. அவர் ஒரு கலைஞர். வயரைத் தாராளமாக எடுத்து, பெட்டியின் விளிம்போரமாக ஓட்டி, மூலைக்கு மூலை அழகாக வளைத்து, டேக் போட்டுக் கட்டி, "நாளைக்கு எதுக்காவது உதவும்" என்று ஒரு சுருள் மிச்சமும் விடுவார். எஸ்பிடிக்கு அந்த அழகு ஆகாது. ஃபேஸிலிருந்து எஸ்பிடிக்கு வரும் வயரும், அங்கிருந்து எர்த் கட்டைக்குப் போகும் வயரும் சேர்ந்து அரை மீட்டரைத் தாண்டக் கூடாது. அவ்வளவு வேகத்தில் ஏறும் கரண்டுக்கு நேர் வயரே ஒரு தடைதான். மீட்டருக்கு ஆயிரம் வோல்ட் என்ற கணக்கில் வயரிலேயே ஏறிக்கொள்ளும், அதுவும் சேர்ந்து நம் போர்டுகளின் தலையில்தான் விழும்.

"இப்படி முட்டத் தட்ட இழுத்து மாட்டுனா, வயருக்குக் கஞ்சத்தனம் பண்ணிட்டான்னு என்னைத்தான் சார் சொல்லுவாங்க."

"யாரு அண்ணாச்சி டிபியைத் திறந்து பாக்கப் போறா?"

"அடுத்த எலக்ட்ரீஷியன்."

தொழில் மானம் என்பது இதுதான். கடைசியில் எஸ்பிடியையே இடம் மாற்றி, எர்த் கட்டைக்கு ஒட்டினாற்போல வைத்தார். மெயினுக்குப் பின்னால், ஆர்சிசிபிக்கு முன்னால், தனக்கென்று ஒரு எம்சிபியோடு நாலு துண்டுகளும் உட்கார்ந்தன. நாலு சின்ன ஜன்னல்களிலும் பச்சை. ஒவ்வொரு அடியிலும் வேரிஸ்டர் கொஞ்சம் தேயும். ஆயுள் முடிந்தால் ஜன்னல் சிவப்பாகும், அந்தத் துண்டை மட்டும் உருவிவிட்டுப் புதிதாகச் சொருகிக்கொள்ளலாம். வீட்டின் தலையிலேயே நேராக இடி விழுந்தால் இது போதாது, தெருவில் நியூட்ரல் அறுந்து 400 வோல்ட் வந்தால் இது காப்பாற்றாது, அதற்கு வேறு ரிலே வேண்டும் என்று அண்ணாச்சி நேர்மையாகப் பட்டியல் போட்டார். என் மனைவியும் அதை நேர்மையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு ஆவணியில் ஒரு நல்ல இடி வந்தது. ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. நான் டார்ச்சோடு ஓடி டிபியைப் பார்த்தேன். பச்சை. ஃபேன்கள் சுற்றின, மோடம் மினுங்கியது. வெற்றியோடு திரும்பினேன்.

"ஒண்ணும் ஆகலையே" என்றாள் மனைவி.

"அதான் அது செஞ்ச வேலை."

"போன வருஷம் ஆவணியிலயும் ஒண்ணும் ஆகலை. அப்போ இது இல்லையே?"

இந்தக் கேள்விக்கு நான் இன்னமும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். சோபா வாங்கினால் உட்காரலாம், ஏசி வாங்கினால் குளிரும். ஒன்றுமே நடக்காமல் இருப்பதற்குப் பணம் கொடுத்தவன், ஒன்றுமே நடக்கவில்லை என்பதை எதைக் காட்டி நிரூபிப்பான்? அம்மாவோ பழையபடி பிளக்குகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய கணக்கில் வீட்டைக் காத்தது அவளும் அர்ச்சுனனும்தான். அண்ணாச்சியும், "அம்மா செய்யுறதும் சரிதான் சார். ரெண்டும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

ஆயுத பூஜை அன்று சாயங்காலம் ஏதோ யோசனையில் டிபியின் மூடியைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். ஜன்னல் நாலும் சிவப்பு. அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"எந்த ஃபேஸு சார் போயிருக்கு?"

"எல்லாமே. நாலும் சிவப்பு."

"நாலுமா? ஒரு வாரமா இடியே இல்லையே. ஒரு போட்டோ அனுப்புங்க."

அனுப்பினேன். ஒரு நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டார். "சார், அது குங்குமம். சந்தனத்துக்கு மேல வச்சிருக்கு. துடைச்சிட்டுப் பாருங்க."

துணியோடு போனேன். அம்மா வழியை மறித்தாள்.

"பூஜையில இருக்கறதை இன்னைக்குத் தொடப்படாது. நாளைக்கு விஜயதசமி, மறுபூஜை போட்டுட்டுத் துடைச்சுக்கோ."

"அம்மா, அது வேலை செய்யுதா இல்லையான்னு பாக்கணும்."

"வருஷம் பூராவும் அங்கனயே நிக்கில்லா? இன்னைக்கு ஒரு நாளாச்சும் அதைச் சும்மா இருக்க விடுலே" என்று சொல்லிவிட்டு, கிரைண்டருக்குப் பொட்டு வைக்கப் போனாள்.