அமைச்சகத்தின் மருத்துவச் சான்று குறித்து

நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலப் பள்ளிக் கல்வி அமைச்சகத்துக்கு, டோர்ட்மண்டிலிருந்து ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழகத்தில் சேரும் தகுதியை அளிக்கும் பள்ளி இறுதித் தேர்வாகிய அபிட்டூரில், தக்க காரணமின்றி எழுத்துத் தேர்வுக்கு வராத மாணவர் அந்தத் தாளுக்குரிய 15 புள்ளிகளில் சுழியம் பெறுவார் என்பதும், காய்ச்சலால் வர இயலாதவர் மருத்துவரின் சான்றைக் காலம் தாழ்த்தாமல் ஒப்படைக்க வேண்டும் என்பதும் பெருமதிப்புக்குரிய அமைச்சகமே வகுத்த நெறிகள். இந்நெறிகள் தேர்வு எழுதுவோரை மட்டும் கட்டுப்படுத்துபவையா, தேர்வு நடத்துவோரையும் கட்டுப்படுத்துபவையா என்ற ஐயம் 2023 ஏப்ரல் 19, புதன்கிழமை காலையில் எழுந்தது. அன்று மாணவர்கள் எழுதத் தயாராக இருந்தார்கள். வராமல் போனது வினாத்தாள்.

2007 முதல் இம்மாநிலத்தில் அபிட்டூரின் எழுத்துத் தேர்வுகளுக்குப் பள்ளிதோறும் ஆசிரியர்கள் வினா அமைக்கும் பழைய முறை கைவிடப்பட்டு, மாநிலம் முழுமைக்கும் ஒரே வினாத்தாள் தரப்படும் மையத் தேர்வு முறை நிலவுகிறது. தேர்வுக்கு முந்தைய நாள் ஆசிரியர்கள் அந்தத் தாளை மறைகாப்புடன் கணினியில் இறக்கி அச்சிட்டுக்கொள்ள வேண்டும் என்பதும், ஏப்ரல் 18 அன்று பல பள்ளிகளில் அது இறங்கவேயில்லை என்பதும், அச்சுப்பொறியின் முன் ஆசிரியர்கள் இரவுவரை தவமிருந்த பின்னரே உயிரியல், வேதியியல், இயற்பியல் முதலான பாடங்களின் தேர்வுகள் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிவைக்கப்பட்டன என்பதும் அமைச்சகத்துக்கு நினைவிருக்கும். அவ்விரவில் டோர்ட்மண்டின் மாணவருள் ஒரு சாரார், கைப்பேசியைக் காலை மணியடிக்க வைத்துவிட்டு, செய்தி அறியாமலே உறங்கப் போயிருப்பர்.

தேர்வு நாள் என்பது நாட்காட்டியில் ஒரு கட்டம் மட்டும் என்று கருதும் அலுவலகத்துக்கு, மாணவரின் உடலுக்கும் அது ஒரு காலக்கணக்கு என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான்கு மணி நேரத்துக்கும் மேல் நீளும் ஒரு தாளுக்காக உறக்கம், பசி, நினைவாற்றல் ஆகிய மூன்றும் குறித்த ஒரு காலையில் உச்சியை அடையும்படி வாரக்கணக்கில் திட்டமிடப்படுகின்றன. இரண்டு நாட்கள் தள்ளிப்போனால் உயிரணுவின் பகுதிகள் மறந்துவிடும் என்பதில்லை, ஆனால் தூக்கம் மட்டும் இரண்டு இரவுகள் தவறிப்போகிறது. மருத்துவப் படிப்புக்கான இடப்பங்கீட்டில் சராசரி மதிப்பெண்ணில் 0.1 அளவு வேறுபாடும் கணக்கில் எடுக்கப்படும் நாட்டில், அந்த இரண்டு இரவுகளை எந்தப் பத்தியில் எழுதுவது என்பதற்கு விதி ஏதும் இல்லை.

புதிய தேதியாக அறிவிக்கப்பட்ட ஏப்ரல் 21 நோன்புப் பெருநாளாக அமைந்தது. டோர்ட்மண்டின் நோர்ட்ஷ்டட் போன்ற பகுதிகளில் அந்நாளை அறியாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இஸ்லாமிய மாணவர்கள் வேறொரு நாளில் எழுதலாம் என்ற வழி தரப்பட்டதால் அமைச்சகத்தின் நாட்காட்டியறிவு காப்பாற்றப்பட்டது. இந்நகரின் தமிழ் வீடுகளில் இம்மாற்றம் வேறுவிதமாகப் பொருள்கொள்ளப்பட்டிருக்கக் கூடும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்துகொண்ட தாய்மார்களுக்குப் புதனைவிட வெள்ளி உகந்தது. அருகிலுள்ள ஹம் நகரின் காமாட்சி அம்பாள் கோயிலிலும் அது சிறப்பான நாளே. அமைச்சகம் நல்ல நாள் பார்த்துத்தான் தள்ளிவைத்தது என்று அவர்கள் எண்ணினால், அந்த நம்பிக்கையைக் கலைக்க வேண்டாம்.

அமைச்சகம் இதற்கு முன்பும் தேர்வில் இடறியிருக்கிறது. 2008ஆம் ஆண்டுக் கணிதத் தாளில், கூடைப்பந்து வீரர் டிர்க் நோவிட்ஸ்கியின் தடையற்ற எறிதல்களைப் பற்றிய நிகழ்தகவு வினா எதைக் கேட்கிறது என்றே தெளிவில்லை என்ற குறை எழுந்தது; எட்டு முகங்கள் கொண்ட திண்ம வடிவமாகிய எண்முகியைப் பற்றிய மற்றொரு வினா 'கொடூரத்தின் எண்முகி' என்ற பட்டத்தையே பெற்றது. அப்போது மாணவர்களுக்கு மீண்டும் எழுதும் வாய்ப்பு அளிக்கப்பட்டது. தவறியவர் வினா எழுதியவர். மறுதேர்வு எழுதியவர் மாணவர். இந்த ஏற்பாட்டின் நுட்பம் தனி ஆய்வுக்குரியது.

யேர்மனியில் வார இறுதிகளில் தமிழ் கற்பிக்கும் தமிழாலயங்கள், தன்னார்வலர்களான ஆசிரியர்களைக் கொண்டு, நாடெங்கும் ஒரே நாளில் ஆண்டுத் தேர்வை நடத்துகின்றன. தேர்வு நடத்தும் முறையைக் கற்றுக்கொள்ள அந்த ஆசிரியர்களிடம் அமைச்சகத்தின் அலுவலர்கள் விண்ணப்பித்தால், ஒரு சனிக்கிழமை பின்வரிசையில் அமர இடம் கிடைக்கக் கூடும். பெற்றோர் கொண்டுவரும் வடையிலும் பங்கு உண்டு.

ஆகவே, 2023 ஏப்ரல் 19 அன்று தேர்வுக்கு வராமைக்கான மருத்துவச் சான்றை அமைச்சகம் ஒப்படைக்குமாறு கோரப்படுகிறது. நோயின் பெயர் வேண்டியதில்லை. வர இயலாத நாட்களும், மருத்துவரின் கையொப்பமும், முத்திரையும் போதும். மூலப்பிரதியே ஏற்கப்படும். கணினியிலிருந்து இறக்கிக்கொள்ளுமாறு இணைப்பு அனுப்புவதை அமைச்சகம் தவிர்ப்பது நலம்.