விட்டால்தான் வரும்

நாமக்கல் பக்கத்துத் தனியார் பள்ளிகளில் பி.டி. வாத்தியாருக்கு மரியாதை உண்டு, விசில் உண்டு, பீரியடுதான் கிடையாது. டைம்டேபிளில் இருக்கும். வெள்ளிக்கிழமை ஏழாவது பீரியடு என்று கட்டம் கட்டி எழுதியிருப்பார்கள். மணி அடித்ததும் கணக்கு வாத்தியார் வராந்தாவில் வந்து நின்று, "ஒரே ஒரு சம்முங்க சார், முடிச்சிட்டு அனுப்பிடறேன்" என்பார். அந்த சம் முடியும்போது பள்ளி பஸ் கிளம்பியிருக்கும். பிளஸ் டூ தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு 2017இல் நிறுத்திவிட்டது. அதுவரை மே மாதம் ரிசல்ட் வந்தால், எங்கள் மாவட்டத்துப் பிள்ளை ஒன்றின் வாயில் யாராவது லட்டு ஊட்டும் படம் பேப்பரில் வராமல் இருக்காது. ரேங்க் போய்விட்டது. ரேங்குக்காக வாங்கிக்கொண்டு போன பீரியடைத்தான் இன்னும் யாரும் திருப்பித் தரவில்லை.

கணக்கு வாத்தியாரின் கை எட்டாத ஒரே இடம் எல்.கே.ஜி., யு.கே.ஜி. ஆகவே அது எனக்கு வந்து சேர்ந்தது. "சும்மா ஆளுக்கொரு பந்தக் குடுத்துத் தட்ட வுடுங்க சார். அதுக்கென்ன பெரிய கோச்சிங்கு?" என்றார் தாளாளர்.

பத்தாம் வகுப்புப் பையன்களுக்கு வாலிபால் சொல்லிக்கொடுத்து வந்தவன் நான். "லைன்!" என்றால் நொடியில் நிற்பார்கள். அதே குரலை யு.கே.ஜி.யிலும் எடுத்தேன். முன்னால் நின்ற பையன் மெதுவாகக் கிட்டே வந்து, "மிஸ், நீங்க ஏன் திட்டறீங்க?" என்றான். பாடம் நடத்துகிற யாராக இருந்தாலும் மிஸ்தான். மீசையெல்லாம் அந்த வயதுக்கு ஒரு தடையே இல்லை. என் கம்பீரத்தைப் பார்த்துப் பின்வரிசையில் அழ ஆரம்பித்த பாப்பாவை ஆயாம்மா தூக்கிக்கொண்டு போனார். போகிற போக்கில் என்னை ஒரு பார்வை பார்த்தார். பி.பி.எட். பட்டத்தை அப்போதே சுருட்டி உள்ளே வைத்துவிட்டேன்.

பந்து தட்டுவதில் முதல் சிக்கல் தட்டுவது அல்ல, விடுவது. கையில் கொடுத்தவுடன் பிள்ளைகள் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். "கீழ போடு கண்ணு" என்றால் தலையாட்டும், போடாது. டம்ளரைக் கீழே போட்டால் அடி, சோற்றைக் கீழே போட்டால் அடி, பாட்டியின் கண்ணாடியைப் போட்டால் ஊரே கூடி அடி என்று வீட்டில் பழகிய பிள்ளை அது. பள்ளிக்கூடத்தில் ஒரு பெரிய மனுஷர் "போடு, போடு" என்று கெஞ்சினால் சந்தேகப்படத்தானே செய்யும்? துணிந்த சிலது பந்தைக் கட்டிக்கொண்டே கேட்டை நோக்கி ஓடும்.

கூடைப்பந்து விதிகள் எழுதப்பட்டதே இந்த மாதிரி ஆட்களுக்காகத்தான் என்று எனக்குச் சந்தேகம். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இரண்டு பழக்கூடைகளை மாட்டி ஆட்டத்தைத் தொடங்கியபோது, பந்தோடு ஓடக்கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்று எழுதிவைத்தார். தட்டிக்கொண்டு போவது என்ற பேச்சே அவருடைய 13 விதிகளில் இல்லை. நாலு பேர் சூழ்ந்துகொண்டால் ஆட்டக்காரர் பாவம் என்ன செய்வார்? பந்தைத் தானே தரையில் போட்டுத் தானே எடுத்துக்கொண்டார். ஓடவும் இல்லை, எறியவும் இல்லை, நடுவர் விழித்திருப்பார். இன்று பாடத்திட்டத்தில் 'திறன்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும் சமாச்சாரம், விதியில் இருந்த சந்து வழியாக வந்து சேர்ந்ததுதான். நெய்ஸ்மித் வேலை பார்த்த அதே ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தைச் சேர்ந்த ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரி தொடங்கினார். விசிலும் வெள்ளை பேண்ட்டுமாக பி.டி. வாத்தியார் என்ற இனம் அங்கிருந்துதான் ஊர் ஊராகப் பரவியது. அந்தப் பரம்பரையின் ஒரு கொழுந்து, சரளைக்கல் மைதானத்தில் முட்டி போட்டு, நாலரை வயதுப் பாப்பாவிடம் பந்தை விடச் சொல்லி மன்றாடிக்கொண்டிருந்தது.

பள்ளியில் இருந்ததோ பெரியவர்கள் ஆடும் ஏழாம் நம்பர் பந்து. எடை சுமார் 600 கிராம். பிள்ளையின் எடை 16 கிலோ. இதே விகிதத்தில் 65 கிலோ எடையுள்ள பெரியவர் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ பந்தைத் தட்ட வேண்டும். கணக்கு வாத்தியாரிடம் இதைப் போட்டுக் காட்டினேன். "சம் கரெக்டுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தாளாளரிடம் மூன்றாம் நம்பர் பந்து கேட்டேன். "அடுத்த வருசம் பாக்கலாங்க" என்றார். எங்கள் தாளாளரின் நாட்காட்டியில் அடுத்த வருசம் என்பது மட்டும் கிழிக்கப்படாத தாள்.

திருச்செங்கோட்டு வைகாசித் தேர்க்கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பந்துகளைச் சிலர் கொண்டுவந்தார்கள். அழகு. ஆனால் காற்றடித்தால் பந்து ராசிபுரம் ரோட்டுக்குப் போய்விடும், காற்றடிக்காவிட்டால் நெருஞ்சி முள் பார்த்துக்கொள்ளும். கடைசியில் சேலம் கடைவீதியில் அலைந்து லேசான ரப்பர் பந்துகள் வாங்கினோம். என் காசா, பள்ளிக் காசா என்பது இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

காற்றடிக்க மட்டும் நாமக்கல்லில் பஞ்சமே இல்லை. திரும்பிய பக்கமெல்லாம் லாரிப் பட்டறையும் டயர் கடையும்தான். சிக்கல் என்னவென்றால், லாரி டயருக்கு நூறு பவுண்டுக்கு மேல் ஏற்றிப் பழகிய கைக்கு, எட்டு பவுண்டு வாங்கும் கூடைப்பந்து ஒரு கேலிப்பொருள். "என்னங்க சார், தும்முனா ஏறிக்கும்" என்று டயர் கடைக்காரர் ஹோஸை வைத்தார். பந்து கல்லாகிவிட்டது. பன்னாட்டு விதிப்படி கூடைப்பந்தை 1.8 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் ஒரு மீட்டருக்குச் சற்று மேலே எழும்ப வேண்டும். எங்கள் பிள்ளைகளின் உயரமே ஒரு மீட்டர் சொச்சம்தான். அதாவது, சட்டத்துக்கு உட்பட்ட பந்து நேராக நெற்றிக்கு வரும். கிண்டர்கார்டனுக்குக் கொஞ்சம் காற்று குறைந்த, சோம்பேறிப் பந்துதான் நல்ல பந்து. அதையும் வெயிலில் போட்டுவைக்கக் கூடாது. சித்திரை வெயிலில் உள்ளே இருக்கும் காற்று சூடேறி, காலையில் சாதுவாக இருந்த பந்து மத்தியானம் துள்ள ஆரம்பித்துவிடும்.

இந்த விஷயத்தில் என் ஆலோசகர் லாரி ஓனர் வீட்டுப் பையன் ஒருவன். ஒருநாள் பந்தைக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, "வால்வு லீக்கு மிஸ். எச்சி தொட்டு வெச்சுப் பாருங்க, கொப்பளிக்கும்" என்றான். வைத்தேன். கொப்பளித்தது. அவனுக்கு அப்போது 'ஏ ஃபார் ஆப்பிள்' சரியாக வராது என்று வகுப்பு மிஸ் குறைப்பட்டுக்கொண்டிருந்தார்.

சரி, பந்தை விட்டுவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். இடுப்பிலிருந்து விட்ட பந்து தரைக்குப் போய்த் திரும்ப அரை நொடிக்குக் கொஞ்சம் கூட ஆகும். பிள்ளைகளுக்கு அந்த அரை நொடி பெரிய காத்திருப்பு. பந்து மேலே வரும் முன்பே கை ஓங்கி இறங்கிவிடும். காற்றில் ஒரு அடி. அடுத்த கணம் பந்து தாடையில் ஒரு இடி. இன்னும் சிலர் பந்தைத் துரத்திக் குனிந்து குனிந்து தட்டுவார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் பந்து தாழும், பிள்ளையும் தாழும். கடைசியில் பந்து தரையில் படுத்துவிடும், பிள்ளை குத்தவைத்து உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருக்கும். "தூங்கிருச்சு மிஸ்" என்று ஒரு பாப்பா ரகசியக் குரலில் சொன்னாள். எழுப்பாதீர்கள் என்று கையால் சைகை வேறு.

மீதிப் பேர் பந்தைச் சரியாகத் தங்கள் கட்டைவிரல் மேலேயே போடுவார்கள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் எறிந்து பழகிய யார்க்கரை வைத்து, 2020–21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக இறங்கினார். அவருக்குக் குறி எதிராளியின் கால். எங்களவர்களுக்குச் சொந்தக் கால். இதற்கு வைத்தியம் சாக்பீஸ். காலுக்கு ஒரு முழம் முன்னால் வட்டம் போட்டு, "பந்து இந்த தோசைக்குள்ள வுழணும்" என்று சொல்ல வேண்டும். பந்து விழுந்தது. கூடவே, "இவன் எந் தோசைய மிதிச்சிட்டான் மிஸ்", "எனக்கு மட்டும் சின்ன தோசை" என்று புகார்களும் விழுந்தன. ஆனாலும் இரண்டு கையாலும் போட்டு இரண்டு கையாலும் பிடிப்பது ஒரு மாதத்தில் பிடிபட்டுவிட்டது. ஒற்றைக் கையால் நின்ற இடத்தில் தட்டுவது அதற்கப்புறம்தான். நடந்துகொண்டே தட்டுவது ஒன்றாம் வகுப்புக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம். நடுவில் அவசரப்படுகிறவர் எப்போதும் பெரியவராகத்தான் இருப்பார்.

உள்ளங்கையால் அறையாமல் விரல்நுனியால் தள்ள வைப்பது தனி வித்தை. பயிற்சி முகாமில் எங்களுக்குச் சொன்னது இது: உள்ளங்கைக்குள் முட்டை இருப்பதாகப் பிள்ளையை நினைக்கச் சொல், அது உடையாமல் தட்டும். வேறு மாவட்டத்தில் இது எடுபடலாம். நாமக்கல்லில் போய் முட்டையைக் கற்பனையில் கொடுத்தால் எப்படி? "முட்டைய அட்டையிலதான் வெக்கணும் மிஸ், அட்டைக்கு முப்பது" என்றாள் ஒருத்தி. "முட்டை வெல எறங்கிருச்சுன்னு எங்கப்பா சொன்னாரு" என்றான் இன்னொருவன். எல்லாரும் கொஞ்ச நேரம் கவலையோடு நின்றார்கள். பாடம் கோழிப்பண்ணைத் தொழிலின் எதிர்காலத்தின் பக்கம் திரும்பிவிட்டது.

காப்பாற்றியவர் ஆயாம்மா. தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தவர் அங்கிருந்தே சொன்னார்: "உள்ளங்கையில மருதாணி வெச்சிருக்குது சாமி. கலையாம தட்டோணும்." அவ்வளவுதான். அத்தனை உள்ளங்கையும் குழிந்தது, விரல் மட்டும் பந்தில் பட்டது. "நான் பையன், மருதாணி வெக்க மாட்டேன்" என்று ஒருவன் முறைத்தான். "அப்ப நீ துண்ணூறு வெச்சுக்கோ." அவனும் தட்டினான். ஹாரி குரோ பக்கின் கல்லூரியில் ஆயாம்மா ஒரு வாரம் வகுப்பு எடுத்தால் நல்லது என்பது என் தாழ்மையான கருத்து.

பந்தடிப்பது நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் பந்தடிக்கும் பெண்கள் பாட 'கந்துகவரி' என்றே பாட்டு வைத்திருக்கிறார் இளங்கோ. பெருங்கதையில் அரண்மனைப் பெண்கள் போட்டி போட்டுப் பந்தடிக்கிறார்கள். ஒருத்தி ஆயிரம் என்றால் அடுத்தவள் அதற்கும் மேலே. பாடியவர் கொங்குவேளிர், எங்கள் கொங்கு மண்காரர். எண்ணிக்கைப் பைத்தியம் இந்தப் பக்கத்தில் எப்போது தொடங்கியது என்று யாராவது கேட்டால் அவரைக் கைகாட்டலாம். எங்கள் பிள்ளைகளும் எண்ணித்தான் தட்டினார்கள்: "ஒன், டூ, த்ரீ, டென்!"

பெற்றோர் கூட்டத்தில் ஓர் அப்பா நோட்டும் பேனாவுமாக வந்தார். "பந்து தட்டறதுல எத்தனைக்கு எத்தனைங்க சார்?"

"இதுக்கு மார்க் இல்லீங்க."

"அதெப்படிங்க மார்க் இல்லாம இருக்கும்? எதுத்த வூட்டுப் பாப்பா பத்து தட்டுதாம். எங்க பையன் நாலோட நின்னுடறான். சாயந்திரம் டியூசன் வெச்சுடலாங்களா?"

"ரெண்டு மாசம் போனா தானா வந்துரும்ங்க."

அவர் நோட்டில் '2 மாதம்' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டுக்கொண்டார். போர்வெல் போடுகிறவருக்குத் தேதி கொடுத்த மாதிரி ஆகிவிட்டது எனக்கு.

தேதி வந்தது, விளையாட்டு விழா வடிவத்தில். யு.கே.ஜி.க்கு 'பந்து தட்டும் போட்டி' என்று அழைப்பிதழில் அச்சடித்துவிட்டார்கள். ஷாமியானா, வாழைமரம், சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை. ஆளுக்கொரு தோசை போட்டு, விசில் ஊதினேன். பாதிப் பேர் தட்டினார்கள். தூங்கவைக்கும் பாப்பா தன் பந்தைத் தூங்கவைத்துவிட்டுக் காவலுக்கு உட்கார்ந்தாள். லாரிப் பையன் போட்டியை நிறுத்திவிட்டுப் பக்கத்துப் பையனின் வால்வைச் சோதித்துக்கொண்டிருந்தான். ஷாமியானாவுக்குள்ளிருந்து அம்மாக்களின் "தட்டு! தட்டு!" என்ற கூச்சலில் எண்ணிக்கை யாருக்கும் கேட்கவில்லை. நோட்டுக்காரர் மட்டும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே, "ஏழு! ஏழு வந்துருச்சு!" என்று எழுந்து நின்றார்.

யார் முதல் என்று பேசி முடிக்க வழி இல்லாததால், எல்லாருக்கும் எவர்சில்வர் டிபன் டப்பா பரிசு என்று தாளாளர் மைக்கில் அறிவித்தார். கைதட்டல். சிறப்பு விருந்தினர் டப்பாவைக் கொடுத்து, கன்னத்தைத் தட்டி, போட்டோவுக்குத் திரும்பினார். முதலில் வாங்கிய பையன் டப்பாவை இரண்டு கையிலும் பிடித்து, இடுப்புயரத்துக்குக் கொண்டுவந்து, காலுக்கு ஒரு முழம் முன்னால் பார்த்து, கொஞ்சமும் தயங்காமல் விட்டான். பிறகு கையைக் குழித்து வைத்துக்கொண்டு, அது மேலே வருவதற்குக் காத்திருந்தான். அடுத்தவன் விட்டான். அதற்கடுத்தவள். மேடை முழுக்கக் கணகணவென்று சத்தம், மூடிகள் உருண்டு வாழைமரத்தடிக்குப் போயின.

தாளாளர் மைக்கை அணைக்க மறந்து என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க சார், இதையும் நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா?"